பெட்டிக்குத் தக்க எழுத்து

கன்னியாகுமரி மாவட்டத்தைப் பற்றித் தமிழில் வந்திருக்கும் இணையக் கட்டுரைகளைத் தேடிப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். எழுதியவர் மார்த்தாண்டத்துக்காரரோ மதுரைக்காரரோ, கட்டுரையின் உடல்வாகு மாறுவதில்லை. 'பார்க்க வேண்டிய 10 இடங்கள்' என்று தலைப்பு. விவேகானந்தர் பாறை, 133 அடி திருவள்ளுவர் சிலை, பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு அருவி, வட்டக்கோட்டை, மாத்தூர் தொட்டிப்பாலம் என்று வரிசையாகத் துணைத்தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் மூன்று நான்கு வரிகள். தொட்டிப்பாலம் 115 அடி உயரம் என்ற தகவல் தவறாமல் இருக்கும். அந்தத் தொட்டியில் ஓடுவது எந்தக் கால்வாயின் தண்ணீர், பறளியாற்றுக்கு மேலே அதைத் தூக்கிக்கொண்டுபோய் யாருடைய நிலத்துக்குக் கொடுக்கிறார்கள் என்பது அநேகமாக இருக்காது. அது பட்டணங்கால் தண்ணீர். கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் பாசனத்துக்காகக் கட்டிய பாலம். கட்டுரையில் இதைச் சொல்ல ஒரு வரி போதும். ஆனாலும் அந்த வரி விழுவதில்லை.

இதை எழுதியவர்களின் சோம்பல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒருவரையொருவர் பார்த்திராத பலர் ஒரே அச்சில் எழுதுகிறார்கள் என்றால், அவர்களுக்குப் பொதுவான ஏதோ ஒன்று அந்த எழுத்தை வார்க்கிறது. அவர்களுக்குப் பொதுவாக இருப்பது எழுதும் மென்பொருள். எழுதும் பெட்டி எவ்வளவு பெரியது, தலைப்பு கேட்கிறதா, எந்த இடத்தில் 'மேலும் படிக்க' என்று வெட்டுகிறது, எழுதியவற்றை எந்த வரிசையில் அடுக்குகிறது, எதைப் பார்த்துப் பச்சை விளக்கு எரிக்கிறது என்னும் சின்னச் சின்ன ஏற்பாடுகள், ஓர் இடுகை 50 சொல்லில் முடியுமா 2000 சொல்லுக்கு நீளுமா என்பதைப் பெருமளவு தீர்மானித்துவிடுகின்றன. நடையும் அப்படித்தான். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. இந்த ஏற்பாடுகள் ஏறக்குறைய எல்லாமே ஆங்கிலத்தை அளவெடுத்துச் செய்யப்பட்டவை.

எழுதுபொருள் எழுத்தை வளைப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பனை நிறைந்த மாவட்டம் இது. ஓலையில் எழுத்தாணியால் கீறிய காலத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதைத் தவிர்த்தார்கள். புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும். சொல்லுக்குச் சொல் இடம் விடுவதும் பத்தி பிரிப்பதும் இல்லை. வில்லுப்பாட்டு ஏடுகள் செய்யுளாகவே ஓடுவதற்குப் பாடும் தேவை ஒரு காரணம் என்றால், ஓலையின் சிக்கனம் இன்னொரு காரணம். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சார்லஸ் மீட் நாகர்கோவிலில் மிஷன் அச்சகத்தை நிறுவினார். அச்சு வந்ததும் அளவுகோல் மாறியது. அச்சகத்தார் இன்றும் 'பாரம்' கணக்கில்தான் பேசுவார்கள். தாளை மடித்தால் 8 பக்கம், 16 பக்கம் என்றுதான் வரும். 17-ஆம் பக்கத்துக்குச் சேதி மிஞ்சினால் ஆசிரியர் வெட்ட வேண்டும், அல்லது இன்னொரு பாரத்தை நிரப்ப வேண்டும். ஓலைக்கும் தாளுக்கும் ஓர் ஓரம் இருந்தது. அது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. இணையத்தில் இடம் முடிவில்லாதது என்று சொல்லப்படுவதால் அங்கே இருக்கும் ஓரங்கள் நம் கண்ணில் படுவதில்லை.

அந்த ஓரங்கள் எப்படி வந்தன என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். 1997 டிசம்பரில் ஜோர்ன் பார்கர் என்ற அமெரிக்கர் தன் தளத்தில் அன்றன்று படித்தவற்றின் இணைப்புகளைத் தொகுத்து வெளியிடத் தொடங்கினார். ஓர் இணைப்பு, அதைப் பற்றி ஒரு வரி, புதியது மேலே, பழையது கீழே. 1999 ஆகஸ்டில் சான்பிரான்சிஸ்கோவின் பைரா லேப்ஸ் நிறுவனம் பிளாகர் என்ற வலைப்பதிவு மென்பொருளை வெளியிட்டது. இவான் வில்லியம்ஸ், மெக் ஹூரிஹன் ஆகியோர் தொடங்கிய அந்த நிறுவனத்தின் முதன்மை வேலை அலுவலகங்களுக்கான திட்ட மேலாண்மை மென்பொருள். பிளாகர் பக்கவேலையாகப் பிறந்தது. தொடக்க கால பிளாகரில் தலைப்புக்கென்று தனிக் கட்டம் இல்லை. ஒரு பெட்டி, ஒரு பொத்தான், அவ்வளவுதான். அதில் எழுதப்பட்டவையும் அப்படியே இருந்தன: தலைப்பில்லாத, நாலைந்து வரிக் குறிப்புகள். தலைப்புக் கேட்காத பெட்டியில் எழுதுபவர் எதைப் பற்றி எழுதுகிறோம் என்று முன்கூட்டி முடிவு செய்ய வேண்டியதில்லை. நண்பரிடம் பேசுவதுபோல ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவலாம்.

2000-இல் ஒவ்வொரு குறிப்புக்கும் நிலையான தனி முகவரி கொடுக்கும் வழக்கம் பரவியது. வலைப்பதிவு வரலாற்றில் இதற்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். முகவரி இல்லாதவரை ஒரு குறிப்பு ஒரு பக்கத்தின் நடுவில் கிடக்கும் சில வரிகள் மட்டுமே. மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் சேர்த்துப் படிப்பவர்களுக்காக எழுதப்பட்டது. தனி முகவரி கிடைத்ததும் முன்பின் தெரியாத ஒருவர் எங்கிருந்தோ நேராக அந்தக் குறிப்பின் நடுவில் வந்து இறங்கலாம். அவருக்குப் பின்னணி சொல்லியாக வேண்டும். 'நேற்றுச் சொன்னேனே' என்று தொடங்க முடியாது. இடுகைகள் நீண்டது அங்கேதான்.

2001 அக்டோபரில் வந்த மூவபிள் டைப் என்ற இன்னொரு வலைப்பதிவு மென்பொருள் தலைப்பு, உடல், தொடர்ச்சி, சுருக்கம் என்று தனித்தனிக் கட்டங்களைத் திறந்து வைத்தது. 2003 மே 27 அன்று மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் வேர்ட்பிரஸை வெளியிட்டார்கள். அதிலும் பக்கத்தின் உச்சியில் தலைப்புக் கட்டம். 2004 மே மாதம் பிளாகர் தன்னைப் புதுப்பித்துக்கொண்டபோது, ஒவ்வோர் இடுகைக்கும் தனிப் பக்கமும் பின்னூட்ட வசதியும் சேர்ந்தன. குறிப்பு கட்டுரையானது.

தமிழ் வலைப்பதிவுகள் பெருகத் தொடங்கியது 2003, 2004 ஆண்டுகளில். அதாவது தலைப்பில்லாக் குறிப்புகளின் காலத்தை நாம் அனுபவிக்கவே இல்லை. தமிழ்ப் பதிவர் கையில் மென்பொருள் கிடைத்தபோதே அது தலைப்பும் உடலும் பின்னூட்டமும் கொண்ட கட்டுரைக் கருவியாக இருந்தது. கூடவே நமக்கு வார இதழ்ப் பத்தி, சிற்றிதழ்க் கட்டுரை என்ற பழக்கமும் இருந்தது. இரண்டும் சேர்ந்து, தமிழ்ப் பதிவுலகம் முதல் நாளிலிருந்தே கட்டுரைப் பாங்கில் எழுதியது. ஒரு தகவலை மட்டும் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகரும் பழக்கம் நம்மிடம் வளரவில்லை. இதில் எனக்கு வருத்தம் உண்டு. தோவாளைச் சந்தையில் இன்று பிச்சிப்பூ என்ன விலை என்று ஒருவர் நாள்தோறும் ஒரு வரி எழுதி வந்திருந்தால், இன்று அது அரிய ஆவணமாகியிருக்கும்.

2004 ஆகஸ்டில் காசி ஆறுமுகம் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கினார். பதிவர்கள் எழுதியதெல்லாம் ஒரே முகப்பில் வந்து விழும். தலைப்பு, எழுதியவர் பெயர், முதல் சில வரிகள். புதிய இடுகை வந்தால் முந்தையது கீழே போகும். அண்மையில் மறுமொழி பெற்ற இடுகைகளுக்குத் தனிப் பட்டியல் இருந்தது. இந்த இரண்டு ஏற்பாடுகளும் தமிழ் இடுகையின் தலையையும் வாலையும் மாற்றிவிட்டன. தலைப்பு பட்டியலில் கண்ணை இழுக்க வேண்டியிருந்தது; எனவே கேள்விக்குறிகளும் அறைகூவல்களும் ஏறின. இடுகையின் கடைசி வரி, 'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்று வாசகரைக் கூப்பிட்டு நிறுத்தியது. ஒரு பின்னூட்டம் விழுந்தால் இடுகை மறுபடி முகப்புக்கு வரும். திரட்டியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தனித்தனியாகக் கிடந்த சில நூறு பேரை ஒரு கூட்டமாக்கியது அதுதான். அது இல்லாவிட்டால் நாகர்கோவிலில் எழுதுபவரை நார்வேயில் இருப்பவர் படித்திருக்க மாட்டார். ஆனாலும் கூட்டத்தில் பேசுபவரின் குரல் தனியே எழுதுபவரின் குரலாக இருப்பதில்லை.

பின்னூட்டத்துக்கும் ஓர் ஓரம் இருந்தது. பிளாகரில் ஒரு மறுமொழி 4096 குறிகளைத் தாண்டக் கூடாது. ஆங்கிலத்தில் அது ஏறக்குறைய 700 சொற்கள். தமிழில் 400-ஐ ஒட்டி நின்றுவிடும். விரிவாக மறுப்பு எழுத வந்தவர் தன் வாதத்தை இரண்டு மூன்று துண்டுகளாக வெட்டிப் போட வேண்டியிருந்தது. துண்டுகளுக்கு நடுவே இன்னொருவர் புகுந்துவிடுவார். வாதம் சிதறும், சூடு மட்டும் மிஞ்சும். அந்தக் காலத்துச் சண்டைகள் பலவற்றுக்குக் கொள்கை வேறுபாட்டோடு இந்த 4096-க்கும் பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

ஒரே கட்டுரைக்குத் தமிழில் ஏன் அதிகக் குறிகள் ஆகின்றன? கணினி எண்ணுவது நாம் பள்ளியில் எண்ணிய எழுத்தை அல்ல. கணினிகளின் பொதுக் குறிமுறையான யூனிகோடில் க, ம போன்ற அகர எழுத்துக்கு ஒரு குறி; மற்ற உயிர்மெய் எழுத்து அந்த அகர எழுத்தும் ஒரு துணைக்குறியுமாகப் பிரிந்து நிற்கிறது. புள்ளியும் ஒரு குறி. நாகர்கோவில் என்று எழுதினால் நமக்கு நா, க, ர், கோ, வி, ல் என்று 6 எழுத்து. கணினிக்கு 11 குறிகள். கன்னியாகுமரி நமக்கு 7, கணினிக்கு 12. 'பேச்சிப்பாறை அணை நிரம்பியது' என்ற மூன்று சொல் செய்தியில் 14 எழுத்துகள். கணினிக் கணக்கில் இடைவெளி சேர்க்காமலே 25. எழுத்து எண்ணி எல்லை வைக்கும் எந்த மென்பொருளிலும் தமிழருக்குக் கிடைப்பது சுருங்கிய பெட்டி.

பிளாகரைச் செய்த அதே இவான் வில்லியம்ஸ் 2006-இல் தொடங்கிய ட்விட்டரின் நிறுவனர்களில் ஒருவர். 2012-இல் மீடியம் தளத்தையும் தொடங்கினார். ஒரே மனிதர், மூன்று அளவுகள். ட்விட்டரின் 140 குறி எல்லை எழுத்துக்கலை பற்றிய சிந்தனையில் பிறந்ததல்ல. குறுஞ்செய்தி ஒன்றில் 160 குறிகள்தான் கொள்ளும். அதில் 20-ஐப் பயனர் பெயருக்கு ஒதுக்கினார்கள், மிச்சம் 140. ஆனால் அந்த 160 ரோமன் எழுத்துக்கான கணக்கு. தமிழ் எழுத்து ஒன்று கலந்தாலே குறுஞ்செய்தியின் எல்லை 70-ஆகக் குறைந்துவிடும். மேலே சொன்ன அணைச் செய்தி, இடைவெளிகளோடு சேர்த்து, அந்த 70-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தின்றுவிடுகிறது. நம் ஊர் இளைஞர்கள் தமிழை ரோமன் எழுத்தில் அடித்ததற்குத் தமிழ்ப் பற்று குறைந்ததுதான் காரணம் என்று மேடையில் பேசியவர்கள் இந்தக் கணக்கையும் பார்த்திருக்க வேண்டும். தமிழ் எழுத்தில் அனுப்பினால், 70-ஐத் தாண்டியதுமே ஒரு செய்திக்கு இரண்டு செய்தியின் காசு ஆனது.

2017 செப்டம்பரில் 280 குறிகளைச் சோதனைக்கு விட்டபோது ட்விட்டர் ஒரு காரணம் சொன்னது: ஆங்கிலத்தில் 9 விழுக்காடு ட்வீட்டுகள் எல்லையை முட்டுகின்றன, ஜப்பானிய மொழியில் 0.4 விழுக்காடுதான். ஒரே எழுத்தில் அதிகப் பொருள் அடங்கும் மொழிகளுக்கு 140-ஏ போதும் என்று சீனம், ஜப்பானியம், கொரியம் மூன்றையும் விட்டுவிட்டு, நவம்பரில் மற்றவர்களுக்கு எல்லையை இரட்டிப்பாக்கினார்கள். மொழிக்கு மொழி அளவு வேறுபட வேண்டும் என்பதை ஒரு பெரிய நிறுவனம் எண்களோடு ஒப்புக்கொண்ட தருணம் அது. அந்த நியாயத்தை இன்னொரு படி கொண்டுபோனால் தமிழுக்கு ஆங்கிலத்தைவிடப் பெரிய பெட்டி கிடைத்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

சொல் எண்ணிக்கையில் கணக்கு நேர்மாறாகத் திரும்புகிறது. 'வராதவர்களுக்காகவும்' என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு ஐந்தாறு சொல் வேண்டும். எனவே குறி எண்ணும் கருவி தமிழ்க் கட்டுரையை நீளமானது என்கிறது. சொல் எண்ணும் கருவி அதே கட்டுரையைக் குட்டையானது என்கிறது. மீடியம் போன்ற தளங்கள் கட்டுரையின் தலையில் 'இத்தனை நிமிட வாசிப்பு' என்று போடுவது சொல்லை எண்ணித்தான். தமிழில் அந்த நிமிடம் எப்போதும் குறைவாகவே காட்டும்.

தொடக்கத்தில் பார்த்த சுற்றுலாக் கட்டுரைகள் ஏன் ஒரே அச்சில் வருகின்றன என்பதற்குப் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. வேர்ட்பிரஸில் எழுதுபவர்கள் பலரும் யோஸ்ட் போன்ற ஒரு தேடுபொறிச் செருகுநிரலை, அதாவது தேடலில் இடுகை முன்னே வர உதவும் துணை மென்பொருளை, நிறுவிக்கொள்கிறார்கள். எழுத எழுத அது சிவப்பு, ஆரஞ்சு, பச்சை விளக்குகளை எரிக்கும். இடுகை 300 சொல்லாவது இருக்க வேண்டும். 300 சொல்லுக்கு மேல் துணைத்தலைப்பு இல்லாமல் ஓடக் கூடாது. 20 சொல்லைத் தாண்டும் வாக்கியங்கள் கால்பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. குறிச்சொல், அதாவது எதைத் தேடுபவருக்கு இடுகை கிடைக்க வேண்டுமோ அந்தச் சொல், தலைப்பிலும் முதல் பத்தியிலும் துணைத்தலைப்பிலும் வர வேண்டும். ஆங்கிலத்துக்கு இவை ஓரளவு நியாயமான விதிகளாக இருக்கலாம். தமிழில் என்ன ஆகிறது என்று பாருங்கள். 'கன்னியாகுமரி' என்பது குறிச்சொல் என்று வைத்துக்கொள்வோம். நாம் இயல்பாக எழுதுவது கன்னியாகுமரியில், கன்னியாகுமரிக்கு, கன்னியாகுமரியிலிருந்து. வேற்றுமை உருபு ஏறிய இந்த வடிவங்களை இத்தகைய கருவிகள் ஒரே சொல்லாகச் சேர்த்துப் பார்ப்பதில்லை. விளக்கு பச்சையாக வேண்டுமானால் சொல் வெறுமனே நிற்க வேண்டும். 'கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள', 'கன்னியாகுமரி சுற்றுலாத் தலங்கள் பட்டியலில் உள்ள' என்று வாக்கியத்துக்கு வாக்கியம் கொட்டாவி வரும்படி எழுதப்படுவது இப்படித்தான். எழுதுபவருக்குத் தமிழ் வராததால் அல்ல. தைத்து வைத்த சட்டைக்கேற்ப உடம்பை வெட்டிக்கொள்ளச் சொன்னால் இப்படித்தான் ஆகும்.

துணைத்தலைப்பு விதி இன்னும் ஆழமாக வேலை செய்கிறது. பத்து இடம் என்றால் பத்துத் துணைத்தலைப்பு தானாகவே கிடைத்துவிடும், விளக்கு பச்சையாகிவிடும். தொட்டிப்பாலத்தின் தண்ணீரைப் பின்தொடர்ந்து போகும் கட்டுரைக்கு அப்படி இயல்பான துண்டுகள் கிடையாது. அது ஆற்றிலிருந்து காலுக்கும் காலிலிருந்து குளத்துக்கும் வயலுக்கும் ஒரே ஓட்டமாகப் போக வேண்டியது. 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸின் 5.0 பதிப்பு வந்தபோது எழுதும் பெட்டியே போய், ஒவ்வொரு பத்தியும் தனித்தனிக் கட்டையாகிவிட்டது. ஒரு கட்டையை மேலும் கீழும் நகர்த்தலாம், படத்தோடு மாற்றலாம். படம் நிறைந்த பக்கத்துக்கு நல்ல வசதிதான். ஆனால் பத்தியை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம் என்ற வசதியில் பழகுகிறவர், முன் பத்தியைப் பிடித்துக்கொண்டு பின் பத்தி வரும்படி எழுதுவதை மெல்ல விட்டுவிடுகிறார். வரிசை மாற்றினாலும் ஒன்றும் குலையாத பத்திகளே பிறகு நிறைந்திருக்கின்றன.

முகவரி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அருகில் சென்று பார்க்காதவர்களுக்கு இது தெரியாது. பிளாகரில் தமிழில் தலைப்பிட்டு வெளியிட்டால் மென்பொருள் தமிழ் எழுத்துகளை உதறிவிட்டு, 'பிளாக்-போஸ்ட்' என்ற ரோமன் எழுத்துகளையும் ஓர் எண்ணையும் வைத்து முகவரி தயாரித்துவிடும். தமிழில் எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான இடுகைகளுக்கு இன்றும் இந்த அடையாளமற்ற முகவரிதான். விவரம் தெரிந்த பதிவர்கள் முதலில் ஆங்கிலத் தலைப்போடு வெளியிட்டு, முகவரி உருவானதும் தலைப்பைத் தமிழுக்கு மாற்றினார்கள். வேர்ட்பிரஸ் தமிழை உதறவில்லை. ஆனால் முகவரிக்கு 200 இடம்தான் ஒதுக்கியிருக்கிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக 9 இடம் பிடிக்கும். 'கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் கோரிக்கை' என்று தலைப்பிடுங்கள். கன்னியாகுமரிக்கு 108, நடுவில் ஒரு கோடு, மாவட்டவுக்கு 54, இன்னொரு கோடு. 164 ஆகிவிட்டது. மிச்சமுள்ள 36-இல் 'மீனவ' வரைதான் கொள்ளும். முகவரி அங்கே அறுந்து நிற்கும். கோரிக்கைக்கு இடமே இல்லை. அந்த இணைப்பை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் திரை நிறைய விழுக்காட்டுக் குறிகளாக வந்து நிற்கும். ஏதோ வைரஸ் என்று பயந்து தொடாமல் விடுபவர்கள் உண்டு. தமிழ்த் தலைப்புகள் இரண்டு மூன்று சொல்லுக்குள் சுருங்கிப்போனதில் இதற்கும் பங்கு உண்டு.

பேஸ்புக் எதிர்த்திசையில் போனது. 420 குறிகளாக இருந்த அதன் எல்லை 2011-இல் படிப்படியாக உயர்ந்து நவம்பரில் 63,206 ஆயிற்று. ஒரு குறுநாவலையே போட்டுவிடலாம். ஆனால் திரையில் முதல் சில வரிகள்தான் தெரியும். மிச்சம் 'மேலும் காண்க' என்பதற்குப் பின்னால். தலைப்புக் கட்டமும் இல்லை, சொல்லுக்குள் இணைப்பு வைக்கும் வசதியும் இல்லை. எனவே ஆதாரம் காட்டும் பழக்கம் தளர்ந்தது. முதல் வரி உரக்கப் பேசத் தொடங்கியது. நீளம் அனுமதிக்கப்பட்டது, கட்டுரையின் ஒழுங்கு அனுமதிக்கப்படவில்லை. பதிவர்களில் பெரும்பகுதியினர் அங்கே போய்விட்ட பிறகு அவர்கள் எழுதியது குறையவில்லை. ஓராண்டுக்கு முன் எழுதியதை அவர்களாலேயே தேடி எடுக்க முடியாமல் போனதுதான் இழப்பு.

மென்பொருளை மீறி எழுதியவர்களே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள், அதுவும் இந்த மாவட்டத்திலேயே. நாகர்கோவிலில் வசிக்கும் ஜெயமோகன் 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலை வரை மகாபாரதத்தை 26 நாவல்களாகத் தன் தளத்தில் எழுதி முடித்தார். இணையத்தில் யாரும் நீளமாகப் படிக்க மாட்டார்கள் என்ற பேச்சுக்கு இதைவிடப் பெரிய மறுப்பு தேவையில்லை. ஆனால் அந்தப் பெரும்படைப்பும் நாளுக்கொரு பகுதியாக, தேதியிட்டுத்தான் வந்தது. எல்லையை மீறியவர் அதன் நாட்கணக்கை ஏற்றுக்கொண்டார்; அந்தத் தாளத்துக்கேற்ப வாசகர்களும் பழகினார்கள். மென்பொருளின் இழுப்பை முழுதாக அறுத்தெறிய முடியாவிட்டாலும், அதை அறிந்தவர் தனக்கு வேண்டிய திசையில் திருப்பிக்கொள்ள முடியும் என்பதற்கு இது சான்று.

எனக்கு உண்மையில் கவலை தருவது தேதி வரிசைதான். புதியது மேலே என்ற விதி 1997-இலிருந்து மாறவில்லை. சில வேலைகளுக்கு அதைவிடச் சிறந்த வரிசை கிடையாது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை குளச்சலையும் மணக்குடியையும் அடித்துப் போட்ட அதே நாளில், தன்னார்வலர்கள் பிளாகரில் ஓர் உதவிப் பதிவைத் திறந்தார்கள். எங்கே என்ன தேவை, யாரைத் தொடர்புகொள்வது என்று நேரம் குறித்த சிறுசிறு குறிப்புகள் வந்துகொண்டே இருந்தன. புதியது மேலே நிற்பது அங்கே பெரும் உதவி. ஆனால் தகவல் பெருகப் பெருக, காலையில் வந்த முக்கியமான எண் மாலைக்குள் அடியில் போய்விட்டது. காணாமல்போனவர்கள், தேவைகள், உதவிகள் என்று தனித்தனிப் பதிவுகளாகப் பிரித்தார்கள். பிறகு பலரும் சேர்ந்து திருத்தக்கூடிய விக்கித் தளத்துக்கும் போனார்கள். அங்கே தேதி வரிசை இல்லை, பொருள் வரிசை இருந்தது. சில நாட்களுக்குள் ஒரு மென்பொருளின் எல்லையைக் கண்டு இன்னொன்றுக்கு மாறிய அந்தக் கூர்மை வியக்கத்தக்கது.

மழைக்காலத்தில் அணை நீர்மட்டம் எழுதுவதும் அப்படித்தான். பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு 48 அடி, பெருஞ்சாணி 77 அடி. இன்று எத்தனை அடி, மறுகால் திறந்தார்களா, திற்பரப்பில் குளிக்கத் தடையா என்பதற்கு ஒரு வரி போதும். நாளை அது பழசு. ஆனால் 1906-இல் கட்டி முடித்த அணையிலிருந்து கிளம்பும் தண்ணீர் தோவாளைக் கால்வாய், அனந்தனார் கால்வாய், பத்மநாபபுரம் புத்தனாறு, பட்டணங்கால் என்று எப்படிப் பிரிகிறது, கன்னிப்பூ சாகுபடிக்கு எப்போது, கும்பப்பூவுக்கு எப்போது திறக்க வேண்டும், கடைமடைக் குளத்துக்கு ஏன் வந்து சேர்வதில்லை என்று ஒருவர் வயல்காரர்களிடம் கேட்டு 3000 சொல் எழுதினால் அது பத்து வருடம் நிற்க வேண்டிய எழுத்து. வலைப்பதிவு மென்பொருள் இரண்டையும் ஒன்றாகவே நடத்துகிறது. முகப்பில் பத்து இடுகைகள் என்ற ஏற்பாட்டில், பத்து நாள் நீர்மட்டக் குறிப்பு வந்தால் கால்வாய்க் கட்டுரை கண்ணை விட்டு மறைந்துவிடும். உழைத்து எழுதியவர் இரண்டு முறை இதைப் பார்த்தால் மூன்றாவது முறை அவரும் நீர்மட்டம் மட்டும்தான் எழுதுவார். மாவட்டத்தின் குளங்கள், உப்பளங்கள், கட்டுமரத் தொழில், காணி மக்களின் வாழ்வு பற்றிய நீண்ட எழுத்து இணையத்தில் அரிதாக இருப்பதற்கு எழுதுவோர் இல்லாததைவிட, எழுதியது நிலைத்து நிற்க இடமில்லாததே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

இதற்கான வசதி மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. பலரும் திறந்து பார்ப்பதில்லை. வேர்ட்பிரஸில் 2005-இலிருந்தும் பிளாகரில் 2010-இலிருந்தும் இடுகை வேறு, பக்கம் வேறு. பக்கத்துக்குத் தேதி வரிசை கிடையாது. தளத்தின் மேல்பட்டையில் நிரந்தரமாக நிறுத்தலாம், ஆண்டுக்கொரு முறை திருத்தலாம். நின்று பயன்பட வேண்டியதைப் பக்கமாகவும், நாளைக்குப் பழசாவதை இடுகையாகவும் போடத் தொடங்கினாலே நீளம் பற்றிய தயக்கம் பாதி தீரும். முகவரியை மென்பொருள் தயாரிக்கும்வரை காத்திராமல், வெளியிடும் முன்பே இரண்டு மூன்று சொல்லில் நாமே தட்டச்சு செய்துவிடலாம். இரண்டு மென்பொருளிலும் அந்தக் கட்டம் திறந்திருக்கிறது. பச்சை விளக்குச் செருகுநிரலில் வாசிப்பு எளிமைச் சோதனையை மட்டும் தனியாக அணைத்து வைக்கலாம்.

சுருக்கக் கட்டத்தையும் வெறுமனே விடக் கூடாது. விட்டால் வேர்ட்பிரஸ் முதல் 55 சொற்களை வெட்டி எடுத்துக்கொள்ளும். வாக்கியத்தின் நடுவில் வெட்டினாலும் அதற்குக் கவலையில்லை. பிளாகரில் தேடல் விவரம் என்ற கட்டத்தை அமைப்புகளில் போய் இயக்க வேண்டும்; அதன் எல்லை 150 குறி. தமிழில் ஏறத்தாழ 15 சொல். நம் மாவட்டத்தில் பெரும்பாலோர் கையில் இணைப்பு வந்து சேர்வது வாட்ஸ்அப் குழு வழியாகத்தான்; அங்கே படத்துக்குக் கீழே தெரிவது இந்த 15 சொற்கள். 3000 சொல் கட்டுரையை எழுதி முடித்த கையோடு அதற்கும் அரைமணி நேரம் ஒதுக்க வேண்டும்.